சென்ட்ரல் வேக்குவம் தேர்வு: பூச்சு வேலைக்கு முன் ஒரு வீட்டில் போட்ட கணக்கு

தரைத்தளமும் மேல்தளமும் சேர்த்து 210 சதுர மீட்டர் வீடு. செங்கல் சுவர் எழும்பி, கான்கிரீட் தளம் போட்டு, பூச்சு வேலைக்கு ஆள் வரக் காத்திருந்த நேரத்தில் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். வீடுகளுக்குக் காற்றோட்டமும் தூசி நீக்கும் ஏற்பாடும் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில். ஓரிடத்தில் நிற்கும் மெஷினிலிருந்து வீடு முழுக்கக் குழாய் போட்டுத் தூசி உறிஞ்சும் ஏற்பாடுதான் சென்ட்ரல் வேக்குவம், அதற்கு ஒரு விற்பனையாளர் கொடுத்த திட்டம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. "இதை வாங்கலாமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார். ஒரு வார்த்தையில் முடியவில்லை. அந்த வீட்டில் என்ன பார்த்தோம், எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பதை முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்விகளோடுதான் பலரும் வருகிறார்கள், பெரும்பாலானவர்கள் சுவர் பூசி வண்ணம் அடித்த பிறகு வருகிறார்கள்.

முதலில் தேவை என்ன என்று பார்த்தோம். வீட்டில் ஐந்து பேர், ஒரு நாய். மகளுக்குத் தூசிப் பூச்சி ஒவ்வாமை, வீடு பெருக்கினாலே தும்மல் ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரரின் அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் தன் அறையையும் சமையலறையையும் தானேதான் சுத்தம் செய்வார், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். "தம்பி, மெஷினைத் தூக்கிட்டு மாடிப்படி ஏறாம இருந்தா எனக்கு அதுவே போதும்" என்று அவர் சொன்னது எனக்கு மிகத் தெளிவான தேவையாகப் பட்டது. புதிய வீட்டில் போட நினைத்த தரை பெரும்பாலும் டைல்ஸ், கூடத்தில் ஒரு பெரிய கம்பளம், மேலே இரண்டு படுக்கையறைகளில் சுவருக்குச் சுவர் கார்ப்பெட். கூடவே எல்லா இடத்திலும் நாய் முடி இருக்கும்.

இதில் ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். சென்ட்ரல் வேக்குவம் ஒவ்வாமைக்கு மருந்து கிடையாது. தூசிப் பூச்சி அதிகம் குடியிருப்பது மெத்தையிலும் தலையணையிலும்தான், அதற்கு நெருக்கமான நெசவுள்ள உறை போட வேண்டும், விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும், முடிந்தால் படுக்கையறைக் கார்ப்பெட்டையே எடுத்துவிட வேண்டும். மகளின் அறையில் கார்ப்பெட் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவெடுத்தார்கள். வேக்குவத்தால் கிடைக்கிற நன்மை வேறு. அறைக்குள் இழுத்துக்கொண்டு போகும் சாதாரண வேக்குவம், உறிஞ்சிய காற்றை அதே அறைக்குள்தான் திரும்ப விடுகிறது. உள்ளே நல்ல ஹெப்பா வடிகட்டி இருந்தால் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும், சரி. ஆனால் மெஷின் உடம்பின் இணைப்புகளில் கசிவு இருந்தால் அந்தச் சதவீதத்துக்கு அர்த்தமில்லை, தவிர பின்னால் வேகமாக வெளிவரும் காற்றே தரையில் படிந்த தூசியைக் கிளப்பிவிடும். மெஷினை வீட்டின் ஓரத்தில் நிறுத்தி, காற்றை வெளியே அனுப்பிவிட்டால் இந்த இரண்டுமே இல்லை.

இது புதிய யோசனையும் இல்லை. 1901-இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் தன் உறிஞ்சும் இயந்திரத்தைக் குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாக வீட்டுக்குள் குழாய்களை விட்டுத்தான் சுத்தம் செய்தார். 1902-இல் டேவிட் கென்னி பிட்ஸ்பர்க் நகரத்து ஃப்ரிக் கட்டடத்தில் ஒரே இடத்தில் நிலையாக நிறுத்திய இயந்திரத்திலிருந்து கட்டடம் முழுக்கக் குழாய் போட்டார். இன்று வீட்டில் வைப்பதும் அடிப்படையில் அதுவேதான்: ஓரிடத்தில் மோட்டாரும் தூசித் தொட்டியும், சுவருக்குள் குழாய், அறைகளின் சுவரில் மூடி போட்ட உறிஞ்சு வாய் (இன்லெட்), அதில் செருகும் நீளமான வளையும் குழாய் (ஹோஸ்). குழாயோடு 24 வோல்ட் மின்கம்பி ஒன்று கூடவே ஓடும், ஹோஸைச் செருகிக் கைப்பிடியில் சுவிட்சைத் தட்டினால் எங்கோ இருக்கிற மோட்டார் ஓடத் தொடங்கும்.

சரி, விற்பனையாளரின் திட்டம். இரட்டை மோட்டார் உள்ள, அவர்களிடம் இருப்பதிலேயே பெரிய மெஷின். தளத்துக்கு ஒன்றாக இரண்டே இன்லெட். 12 மீட்டர் ஹோஸ். குழாய் வேலையை, ஏற்கெனவே வேலையில் இருக்கிற பிளம்பரே தண்ணீர்க் குழாயை வைத்து முடித்துவிடுவார் என்று ஒரு வரி. பார்ப்பதற்கு வலுவான மெஷின், குறைந்த உடைப்பு, குறைந்த வேலை. வீட்டுக்காரருக்கு அது பிடித்ததில் ஆச்சரியமில்லை. என் பார்வையில் பணத்தைத் தப்பான இடத்தில் கொட்டும் திட்டம் அது. மெஷின் பிடிக்கவில்லை என்றால் பிறகு ஒருநாள் கழற்றி வேறு மாட்டலாம், ஒரு சாயங்கால வேலை. சுவருக்குள் போன குழாயை அப்படி மாற்ற முடியாது. ஆகவே குழாயும் இன்லெட்டும் ஹோஸும் முதலில், மெஷின் கடைசியில் என்று வரிசையைத் திருப்பிப் போட்டோம்.

ஆனால் வீட்டுக்காரர் மனதில் மெஷினின் எண்கள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டன, அதனால் அவற்றைப் பற்றி முதலில் பேச வேண்டியிருந்தது. துண்டறிக்கையில் இரண்டு எண்களைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஒன்று அதிகபட்ச உறிஞ்சு அழுத்தம், இன்னொன்று அதிகபட்சக் காற்றோட்டம். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அழுத்தம் உச்சத்தில் இருப்பது வாயை முழுதாக அடைத்து, காற்றே போகாமல் இருக்கும்போது. காற்றோட்டம் உச்சத்தில் இருப்பது வாயை முழுதாகத் திறந்து, தடையே இல்லாமல் இருக்கும்போது. உதாரணத்துக்கு ஒரு ஒற்றை மோட்டார் மெஷினில் 32 கிலோபாஸ்கல், வினாடிக்கு 52 லிட்டர் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோபாஸ்கலை வினாடிக்கு லிட்டரால் பெருக்கினால் நேரடியாக வாட் வரும். பெருக்கினால் 1664. அந்த மெஷின் மின்சாரத்தில் இழுப்பதே 1600 வாட் சுற்றித்தான்! உள்ளே போகும் மின்சாரத்தைவிட அதிகமாகக் காற்றின் சக்தி வெளியே வராது. ஒரு எண் ஏற ஏற இன்னொன்று நேர்கோட்டில் இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டால், உண்மையான உச்சம் இரண்டும் பாதிப் பாதியாக இருக்கும் இடத்தில் வரும்: 16 பெருக்கல் 26, அதாவது 416 வாட். நிஜ மெஷின்களின் கோடு கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும் என்பதால் இன்னும் சற்றுக் கூடும். இதற்குப் பெயர்தான் ஏர்வாட். ஏ.எஸ்.டி.எம். எஃப்558 என்ற சோதனை முறைப்படி, பல அளவுத் துளைகளை வைத்து அளந்து சொல்லும் எண் அது. ஒப்பிட வேண்டுமென்றால் அந்த உச்ச ஏர்வாட்டை மட்டும் ஒப்பிடுங்கள். மின்சார வாட்டையோ ஆம்பியரையோ காட்டி "பவர்" என்று சொன்னால் அது மின்கட்டணத்தைப் பற்றிய தகவல், சுத்தத்தைப் பற்றியது இல்லை.

அந்த ஏர்வாட்டும் மெஷினின் வாயில் அளந்ததுதான். நம் கைக்கு வருவதற்குள் எவ்வளவு மிஞ்சும்? இந்த வீட்டில் எல்லா முடிவும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

ஹோஸ்

ஒரே அளவு காற்றை ஒரு குழாய் வழியாக இழுக்கும்போது ஏற்படும் அழுத்த இழப்பு, குழாயின் உள்விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குக் கிட்டத்தட்ட எதிர்விகிதத்தில் மாறும். ஐந்தாம் அடுக்கு என்பது சாதாரண விஷயமில்லை. சுவருக்குள் போகும் குழாயின் உள்விட்டம் 47 மில்லிமீட்டர் சுற்றி, ஹோஸின் உள்விட்டம் 32. விட்டத்தில் வித்தியாசம் சிறிதாகத் தெரியும், இழப்பில் அது மட்டுமே ஏழு மடங்கு. அதற்கு மேல், சுவர்க் குழாயின் உள்பக்கம் வழவழப்பு, ஹோஸின் உள்பக்கம் வளையம் வளையமாக மடிப்பு. இரண்டையும் சேர்த்தால், மீட்டருக்கு மீட்டர் ஒப்பிடும்போது ஹோஸில் இழப்பு பத்து மடங்குக்கும் மேலே போய்விடும். சுவருக்குள் 20 மீட்டர் குழாய் ஓடினாலும் அங்கே இழப்பது கொஞ்சம்தான், கையில் பிடித்திருக்கிற 9 மீட்டர் ஹோஸில் இழப்பதுதான் பெரும்பகுதி.

இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் வீட்டுக்காரர் உடனே கேட்டார், "அப்போ ஹோஸை 12 மீட்டர் ஆக்கினா?" இழப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும், எடையும் கூடும், அம்மா அதை இழுக்க வேண்டியிருக்கும். இரண்டே இன்லெட் என்று திட்டத்தில் மிச்சம் பிடித்ததை அவர்கள் 12 மீட்டர் ஹோஸில் ஈடுகட்டினார்கள், அந்த ஹோஸின் இழப்பை இரட்டை மோட்டாரில் ஈடுகட்டினார்கள். மொத்தச் செலவும் ஒரு சின்ன மிச்சத்தின் பின்னால் ஓடிய செலவு.

நாங்கள் 9 மீட்டர் ஹோஸ், அதுவும் 35 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ளது என்று முடிவு செய்தோம். 32-இலிருந்து 35-க்குப் போனால் அதே காற்றோட்டத்தில் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கொஞ்சம் தடிமனாகத் தெரியும், அவ்வளவுதான். மெஷினில் ஒரு படி மேலே போவதற்குக் கொடுக்கும் பணத்தைவிட இதில் கிடைக்கும் பலன் அதிகம் என்பது என் உறுதியான அபிப்பிராயம், ஆனால் கடைகளில் ஹோஸின் உள்விட்டத்தைக் கேட்கிற ஆளை நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

சுவருக்குள்ளேயே சுருண்டு போகும் ஹோஸ் (ஹைடு-ஏ-ஹோஸ் போன்றவை) பற்றியும் பேசினோம். ஹோஸை இழுத்து வெளியே எடுத்து வேலை முடிந்ததும் வாயை அடைத்தால் உறிஞ்சு காற்றே அதைக் குழாய்க்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும். வசதியான ஏற்பாடு, அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் ஹோஸின் முழு நீளத்துக்கும் குழாய் தனி வழியாக ஓட வேண்டும், வளைவுகள் அகலமாக இருக்க வேண்டும், நடுவில் கிளை சேரக்கூடாது. செங்கல் சுவரிலும் கான்கிரீட் தளத்திலும் அந்த வழியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. விட்டுவிட்டோம்.

குழாய்

பிளம்பர் நல்ல வேலைக்காரர், தண்ணீர் வேலையில் அவர் கை சுத்தமாக இருந்தது. "63 எம்.எம். பைப் இங்கயே கிடக்குது, பெருசா இருந்தா நல்லாத்தானே இழுக்கும்" என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இப்போதுதான் விட்டம் பெரிதானால் இழப்பு குறையும் என்று நானே சொன்னேன். ஆனால் குழாய் செய்ய வேண்டிய வேலை காற்றைக் கொண்டுபோவது மட்டுமில்லை, மணலையும் முடியையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு வேகம் வேண்டும். வேலை செய்யும்போது வினாடிக்கு 35 லிட்டர் காற்று ஓடுகிறது என்றால், 51 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள வேக்குவம் குழாயில் வேகம் வினாடிக்கு 20 மீட்டர் சுற்றி வரும். உள்விட்டம் 58 உள்ள தண்ணீர்க் குழாயில் அது 13 மீட்டராக இறங்கிவிடும். தொழிற்சாலைகளில் தூசி இழுக்கும் குழாய்களுக்குச் சாதாரணத் தூசி என்றால் 18 முதல் 20 மீட்டர் வரை வேகம் வைப்பார்கள். 13 மீட்டரில் பஞ்சு போகும், கனமான மணல் கிடைமட்டக் குழாயின் அடியில் தங்கும், செங்குத்தாக ஏற வேண்டிய இடத்தில் இன்னும் திணறும், தங்கிய மணலில் நாய் முடி சிக்கிக்கொள்ளும், அப்புறம் ஒருநாள் அடைப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர்க் குழாயின் எல்போ, அதாவது வளைவு இணைப்பு, சடாரென்று திரும்பும், உள்ளே குழாய் முடிகிற இடத்தில் விளிம்பும் தட்டும். வேக்குவம் எல்போ நிதானமாக வளையும், உள்பக்கம் குழாயோடு சமமாக இருக்கும். கிளை சேரும் டீயும் மெஷின் இருக்கும் திசை நோக்கிச் சாய்ந்து சேரும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேண்டுமென்றே சடாரென்று திரும்பும் சின்ன எல்போவை வைப்பார்கள், இன்லெட்டுக்கு நேர் பின்னால். நீளமான பொருள் எதுவும் உள்ளே போனால் அங்கேயே நிற்கட்டும், கையை விட்டு எடுத்துவிடலாம் என்பதற்காக. ஹோஸ் குழாயைவிடக் குறுகலாக இருப்பதிலும் அதே நன்மை இருக்கிறது, பெரிய பொருள் ஹோஸிலேயே சிக்கிவிடும்.

பிளம்பரிடம் இதையெல்லாம் விளக்கியதும் அவர் ஒத்துக்கொண்டார், குழாயை அவரே போட்டார். மூன்று விஷயங்களில் மட்டும் அவர் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வெட்டிய முனையின் உள்விளிம்பில் பிசிறு இல்லாமல் வழிக்க வேண்டும். பசையைக் குழாயின் வெளிப்பக்கம் மட்டும் பூச வேண்டும், எல்போவின் உள்ளே பூசினால் குழாய் நுழையும்போது பசை உள்ளே தள்ளப்பட்டுத் திட்டாகக் காய்ந்து, அதில் முடி மாட்டும். கிடைமட்டமாக ஓடும் முதன்மைக் குழாயிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்கும் கிளையை அடியிலிருந்து எடுக்கக் கூடாது, பக்கவாட்டிலோ மேலிருந்தோ எடுத்து வளைத்து இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்தளத்துத் தூசி வழியில் அந்தக் கிளைக்குள் விழுந்துகொண்டே இருக்கும்.

சுவர் பெரிய தலைவலி. செங்குத்தாக வெட்டும் பள்ளம் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, கிடைமட்டமாக என்றால் ஆறில் ஒரு பங்கு என்பது கட்டுமானத்தில் பரவலாகப் பின்பற்றும் வரம்பு. இந்த வீட்டின் உள்சுவர்கள் ஒற்றைச் செங்கல் அகலம், பூச்சுக்கு முன் 100 மில்லிமீட்டர் சுற்றி. 51 மில்லிமீட்டர் குழாயை அதற்குள் புதைத்தால் சுவரில் பாதி போய்விடும். ஆகவே அந்தச் சுவர்களை வெட்டவே இல்லை. மாடிப்படிக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் குழாய்ப் பொந்தில் ஒரு செங்குத்துக் குழாய், மேல்தள அலமாரிகளின் பின்மூலையில் இரண்டு, தரைத்தளக் கூடத்தின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் முதன்மைக் குழாய். தளத்தைத் துளைத்த இடங்களைக் கட்டடப் பொறியாளரிடம் காட்டி, கம்பி இல்லாத இடமாகப் பார்த்தே துளைத்தோம். கார் நிறுத்தும் அறையின் சுவரைக் கடக்கும் இடத்தில், தீப்பிடித்தால் குழாய் உருகி வழி திறந்துவிடாமல் இருக்கத் தீத்தடுப்புக் காலர் போட்டோம். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், மறக்கக் கூடாத ஒன்று.

இன்லெட் எங்கே

இதற்கு வரைபடம் போதாது. 9 மீட்டர் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தோம். இன்லெட் வரப்போகும் இடத்தில் ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அறையின் கடைசி மூலைவரை இழுத்துப் பார்ப்பது. கட்டில், சோபா வரப்போகும் இடங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கயிறு அவற்றைச் சுற்றிப் போகும்படி இழுத்தோம், நேர்கோட்டில் இழுத்தால் ஏமாந்துவிடுவோம். இன்லெட்டை எல்லா அறையிலும் வைக்கத் தேவையில்லை, நடைபாதையிலும் படிக்கட்டு அருகிலும் வைத்தால் ஒன்றே இரண்டு மூன்று அறைகளை எட்டும். கதவுக்குப் பின்னால் வைக்கக் கூடாது. அலமாரி வரும் சுவரிலும் கூடாது.

கயிற்றோடு நடந்ததில் தரைத்தளத்துக்கு இரண்டு, மேல்தளத்துக்கு இரண்டு என்று வந்தது. 60, 70 சதுர மீட்டருக்கு ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள், அதைவிடக் கொஞ்சம் நெருக்கம்தான். ஒன்றைக் குறைக்க முடியுமா என்று வீட்டுக்காரர் கேட்டார், அம்மாவின் அறையின் கடைசி மூலை எட்டவில்லை, ஆகவே குறைக்கவில்லை. சமையலறை மேடைக்கு அடியில், காலால் தட்டித் திறக்கும் வாய் ஒன்றைக் கூடுதலாக வைத்தோம். துடைப்பத்தால் குப்பையை அதன் முன்னால் தள்ளி, காலால் தட்டினால் உறிஞ்சிக்கொள்ளும், ஹோஸே வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர் குனிந்து முறத்தில் அள்ள வேண்டியதில்லை. இந்த வீட்டில் வைத்த எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் மனதுக்குப் பிடித்தது இதுதான்.

கார்ப்பெட் போட நினைத்த இரண்டு அறைகளில் ஒன்று வெறும் தரையாக மாறிவிட்டதால், மிச்சம் ஒரு கார்ப்பெட்டும் கூடத்துக் கம்பளமும்தான். கார்ப்பெட்டுக்குச் சுழலும் பிரஷ் வேண்டும். அதில் இரண்டு வகை. ஒன்று காற்றாலேயே சுழல்வது, அதற்கு மின்சாரம் வேண்டாம், ஆனால் நமக்கு வேண்டிய காற்றோட்டத்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். மற்றது தனி மோட்டார் உள்ளது, அதற்கு இன்லெட் வரை வீட்டு மின்சாரம் போக வேண்டும். மேல்தளத்தில் கார்ப்பெட் அறைக்கு வெளியே உள்ள இன்லெட்டுக்கும் கூடத்து இன்லெட்டுக்கும் மட்டும் மின்சாரம் எடுத்தோம். நாய் முடி நெசவுக்குள் இறங்கிவிட்டால் வெறும் உறிஞ்சலில் வராது.

மெஷின்

கடைசியாக இதற்கு வந்தபோது முடிவெடுப்பது சுலபமாக இருந்தது. மிக நீளமான குழாய் வழி 20 மீட்டர் சுற்றி, ஹோஸ் 9 மீட்டர், 35 மில்லிமீட்டர். ஒற்றை மோட்டார் உள்ள, 500 ஏர்வாட்டுக்குக் கொஞ்சம் மேலே உள்ள நடுத்தர மெஷின் போதும். இரட்டை மோட்டார் தேவைப்படுவது இதைவிட நீளமான வழிகளுக்கு.

ஏர்வாட்டைவிட நான் அதிகம் பார்த்தது மோட்டார் குளிரும் விதத்தை. சில மோட்டார்களில் உறிஞ்சிய காற்றே மோட்டாருக்குள் ஓடிக் குளிர்விக்கும். வடிகட்டியைத் தாண்டி வரும் நுண்தூசி நேராகச் சுருளுக்கும் பேரிங்குக்கும் போகும். பைபாஸ் வகையில் குளிர்விக்கத் தனி விசிறி, தனிக் காற்று, தூசிக் காற்று மோட்டாரைத் தொடுவதில்லை. நாங்கள் பைபாஸ் எடுத்தோம். இதில் ஒரு விஷயம் நினைவில் இருக்க வேண்டும்: குளிர்விக்கும் சூடான காற்று மெஷின் இருக்கும் அறைக்குள்ளேயேதான் வரும், ஆகவே மெஷினைச் சின்ன அலமாரிக்குள் பூட்டி வைக்கக் கூடாது. கார் நிறுத்தும் அறையின் சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில், தனி மின்லைனும், மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் தனி சுவிட்சும் (எம்.சி.பி.) கொடுத்து மாட்டினோம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்கள் மின்னழுத்தத்தைப் பாருங்கள், 120 வோல்ட் மெஷின் 230 வோல்ட்டில் ஓடாது. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்கிற பொருள், அது தனியாகக் கிடைக்குமா, பக்கத்தில் மாற்றிக்கொடுக்க ஆள் இருக்கிறார்களா என்று வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

தூசியைப் பிரிப்பதில் பை, காற்றைச் சுழற்றித் தூசியைத் தொட்டியில் விழவைக்கும் சைக்ளோன், தானே உதறிக்கொள்ளும் துணி வடிகட்டி என்று வகைகள் உண்டு. பை வாங்கும் செலவே வேண்டாம் என்று சைக்ளோனை நிறையப் பேர் விரும்புகிறார்கள். ஆனால் தொட்டியைத் திறந்து கொட்டும்போது தூசி பறக்கும், தூசி ஒவ்வாமை உள்ள வீட்டில் அதை யார் செய்வது? பை என்றால் வாயை மூடி அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம். பையைத் தேர்ந்தெடுத்தோம். பை நிறைய நிறையக் காற்றோட்டம் குறையும், நிறையும் முன்பே மாற்ற வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தோம்.

வெளியேற்றும் குழாயை ஒரே ஒரு வளைவோடு வெளிச்சுவருக்குக் கொண்டுபோய், சத்தம் குறைக்கும் மஃப்ளர் போட்டோம். ஜன்னலுக்கும் ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்கும் பக்கத்து வீட்டுப் பக்கத்துக்கும் தள்ளி இருக்கிறதா என்று பார்த்தோம். நிமிடத்துக்கு இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் காற்று வீட்டிலிருந்து வெளியே போகும், அந்த அளவு வெளியிலிருந்து உள்ளே வந்தாக வேண்டும். எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு ஓட்டினால், வீட்டுக்குள் புகைபோக்கி உள்ள கேஸ் ஹீட்டர் இருந்தால், அதன் புகையை உள்ளே இழுத்துவிடும் ஆபத்து உண்டு. இந்த வீட்டில் அப்படி எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் இருந்தால் வேக்குவம் ஓடும்போது ஒரு ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

பூச்சுக்கு முன் சோதனை

பூச்சு வேலையை நிறுத்திவைத்துச் செய்த ஒரே காரியம் இது. மெஷினைத் தற்காலிகமாக இணைத்து, முதலில் குழாய் இல்லாமல் அதன் வாயிலேயே அழுத்தமானியை வைத்து அளந்தோம்: 31 கிலோபாஸ்கல். பிறகு குழாயை மாட்டி, எல்லா இன்லெட்டையும் அடைத்து, மிகத் தூரத்து இன்லெட்டில் அளந்தோம். காற்று ஓடாதபோது குழாயில் இழப்பு இருக்காது, ஆகவே அங்கேயும் ஏறத்தாழ 31 வர வேண்டும். 28 வந்தது. எங்கோ கசிகிறது. ஒவ்வொரு கிளையாக அடைத்து அளந்துகொண்டே போனதில் மேல்தளத்து அலமாரி மூலையில், பசை பூசியும் முழுதாக உள்ளே தள்ளாத ஓர் இணைப்பு அகப்பட்டது. வெட்டி மாற்றியதும் 30.5. அந்த இணைப்பு பூச்சுக்குப் பின்னால் போயிருந்தால் உறிஞ்சல் ஏன் குறைவு என்று ஆயுள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார்கள், பெரிய மோட்டார் வாங்கியிருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டுமிருப்பார்கள்.

பூச்சு வேலை முடிந்த பிறகு ஒரு கண்டிப்பான சொல்: சுவர் தேய்த்த வெள்ளைப் பொடியையும் சிமென்ட் தூசியையும் இந்த மெஷினால் இழுக்கக் கூடாது. அந்த நுண்தூசி வடிகட்டியை அடைக்கும், மோட்டாரையும் கெடுக்கும். கட்டட வேலை முடிந்து நன்றாகப் பெருக்கித் துடைக்கும்வரை மெஷினை மூடியே வைத்திருந்தோம். சூடான சாம்பலும் தண்ணீரும் எப்போதுமே கூடாது.

குடி வந்த பிறகு

ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அம்மா சமையலறை வாயைத் தினமும் பயன்படுத்துகிறார், சொல்லப்போனால் ஹோஸைவிட அதைத்தான். மகள் வீட்டில் இருக்கும்போதே இப்போது சுத்தம் செய்ய முடிகிறது என்றார்கள். மெத்தை உறை, அவள் அறையில் கார்ப்பெட் போடாதது எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பலன், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சத்தம் பற்றி நல்ல வார்த்தை சொன்னார்கள், பிரஷின் சத்தமும் காற்றின் சீறலும் மட்டும்தான் அறையில் கேட்கிறது. ஒருமுறை அடைத்துக்கொண்டது, பேனா மூடி ஒன்று கைப்பிடி வளைவில். கையாலேயே எடுத்துவிட்டார்கள்.

குறையும் சொன்னார்கள். 9 மீட்டர் ஹோஸை எங்கே வைப்பது என்பதுதான் தினசரித் தொல்லை. ஹோஸைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறுவது மெஷினைத் தூக்குவதைவிட லேசு என்றாலும், அம்மாவால் அதுவும் முடியவில்லை. மேல்தளத்துக்கு இரண்டாவது ஹோஸ் ஒன்று வாங்கி, அலமாரிக் கதவின் உள்பக்கம் அகலமான கொக்கியில் மாட்டினார்கள். புதிதாகத் திட்டமிடுகிறவர்கள் தளத்துக்கு ஒரு ஹோஸும் அதற்கு ஓர் இடமும் என்று முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம். ஒரே தளத்தில் இரண்டு மூன்று அறை, வெறும் தரை, வாடகை வீடு என்றால் நல்ல வடிகட்டி உள்ள சாதாரண வேக்குவம் போதும், அந்தப் பணத்தை மெத்தை உறைக்குச் செலவழியுங்கள். கட்டி முடித்த சொந்த வீடு, மாடி உண்டு, தூசியால் உடம்புக்குத் தொல்லை என்றால் அலமாரி மூலைகளையும் படிக்கட்டுப் பொந்தையும் வைத்து ஒன்றிரண்டு இன்லெட்டாவது வைக்க முடிகிறதா என்று ஓர் ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கலாம், பல வீடுகளில் முடிகிறது. மெஷினை வாங்க இன்னும் பணம் சேரவில்லை, ஆனால் வீடு இப்போது கட்டுகிறீர்கள் என்றால் குழாயையும் 24 வோல்ட் கம்பியையும் மட்டும் போட்டு, அழுத்தச் சோதனை செய்து, வாய்களை மூடி வையுங்கள். மெஷினைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். குழாய் ஓடும் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வைப்பதும் அவசியம், ஆணி அடிக்கும்போது அது இல்லாமல் குழாய் எங்கே என்று தெரியாது. இந்த வீட்டில் மொட்டைமாடியில் ஓர் அறை கட்டும் எண்ணம் இருப்பதால், செங்குத்துக் குழாயின் தலையில் மூடி போட்ட ஒரு முனையை விட்டு வைத்திருக்கிறோம், அதன் படமும் அந்தக் கோப்பில் இருக்கிறது.